இரண்டு தொரப்பள்ளி, ஒரு தைல பாட்டில்

தொரப்பள்ளி என்று சொன்னால் உங்களுக்கு எந்த ஊர் ஞாபகம் வருகிறது?

ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக மைசூருக்கு பஸ்ஸில் போனவர் என்றால், முதுமலைக் காட்டுக்குள் நுழையுமுன் வருகிற ஊரைச் சொல்வீர்கள். ஓசூர்ப் பக்கத்துக்காரர் என்றால், "என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க, ராஜாஜி பிறந்த ஊராச்சே!" என்பீர்கள். இரண்டுமே சரிதான். இந்த வாரம் நமக்கு இரண்டு தொரப்பள்ளியும் வேண்டும். கூடவே, உங்கள் வீட்டு அலமாரியில் தேங்காய் எண்ணெய்க்கும் சூடத்துக்கும் நடுவே ஒளிந்திருக்கும் அந்தச் சின்ன பாட்டிலும் வேண்டும். யூகலிப்டஸ் தைலம். நம்ம பாஷையில் நீலகிரித் தைலம்.

முதலில் ஓசூர்த் தொரப்பள்ளி. 1878, டிசம்பர் 10. கிருஷ்ணகிரி மாவட்டம் எல்லாம் அப்போது கிடையாது. அது பிறந்தது 2004ல். அன்றைக்கு இது சேலம் ஜில்லா, ஓசூர் தாலுகா. ஊர் முன்சீப் வீட்டில் மூன்றாவது மகன் பிறக்கிறான். சரியான நோஞ்சான்! இந்தப் பிள்ளை தங்குமா என்று பெற்றோர் சதா கவலைப்பட்டுக் கொண்டிருந்தார்கள். அந்த நோஞ்சான் பிள்ளை கவர்னர் ஜெனரல் நாற்காலி வரை போய், 94 வயது வரை வாழ்ந்து, எல்லோரையும் ஒரு கை பார்த்ததெல்லாம் பிறகு நடந்த கதை.

நமக்கு வேண்டியது அந்த முதல் சில வருஷங்கள்தான். 1870களின் கடைசியில், இந்த மாதிரி ஒரு கிராமத்தில் கைக்குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டினால் என்ன செய்வார்கள்? துளசிச் சாறு. கற்பூரவல்லி. ஓமம். வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் ஒரு தீற்று. பெரியவர்கள் என்றால் சுக்கு, மிளகு, திப்பிலி. மூக்கடைப்புக்கு விரலி மஞ்சளைச் சுட்டுப் புகையை உறிஞ்சுவது. ஒன்றும் கேட்கவில்லையா? நொச்சி இலையைப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, போர்வையை மூடிக்கொண்டு வேது பிடிப்பது. அவ்வளவுதான். தைல பாட்டிலுக்கு அந்த வரிசையில் இன்னும் இடம் வரவில்லை.

வேடிக்கை என்ன தெரியுமா? மருந்து வரவில்லையே தவிர, மரம் எப்போதோ வந்துவிட்டது. அதுவும் ரொம்பப் பக்கத்தில்!

தொரப்பள்ளியை ஒட்டி ஓடுகிறதே தென்பெண்ணை, அது எங்கே புறப்படுகிறது? கர்நாடகத்தில், நந்தி மலையை ஒட்டிய சென்னகேசவ மலையில். அந்த நந்தி மலையில்தான் திப்பு சுல்தானின் கோடை மாளிகை இருந்தது. அங்கே தன் தோட்டத்தில் 1790 வாக்கில் திப்பு யூகலிப்டஸ் நட்டார், இந்தியாவில் அதுதான் முதல் நடவு என்று வனத்துறைப் புத்தகங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எனக்கு அந்த வருஷத்தில் ஒரு சின்ன நெருடல் உண்டு. ஆஸ்திரேலியாவில், சிட்னியில், வெள்ளைக்காரர்கள் கப்பலில் வந்து இறங்கியதே 1788 ஜனவரியில்தான். இரண்டே வருஷத்தில் விதை கடல் தாண்டி நந்தி மலை ஏறிவிட்டதா? பிரெஞ்சுக்காரர்களோடு திப்புவுக்கு இருந்த நெருக்கத்தைப் பார்த்தால் நடக்க முடியாததும் இல்லை. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், நந்தி மலை மரங்களுக்கு வயசு அதிகம் என்பதில் சந்தேகமில்லை.

சரி, சிட்னிக்கே போவோம்.

அந்த முதல் கப்பல் கூட்டத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் தண்டனைக் கைதிகளும் காவலுக்கு வந்த சிப்பாய்களும். கூட வந்த தலைமை டாக்டர் ஜான் வைட். கையில் இருந்த மருந்துகள் தீரத் தீர, ஊரில் கிடைத்த செடி கொடியைக் கசக்கி மோந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு மரத்தின் இலையில் அப்படியே புதினா வாசம். அதைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தார்கள். வயிற்று வலிக்கு இங்கிலாந்துப் புதினா எண்ணெயைவிட இது நன்றாகக் கேட்கிறது என்று 1790ல் வெளியான தன் புத்தகத்தில் வைட் எழுதினார். கவனியுங்கள், முதலில் இது சளி மருந்தே இல்லை. வயிற்று மருந்து! அந்த மண்ணின் பூர்வகுடிகள் அதற்கும் எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே இந்த இலைகளைக் காயத்துக்கும் காய்ச்சலுக்கும் பயன்படுத்தி வந்தவர்கள். அவர்கள் பெயர் எந்த பாட்டிலிலும் அச்சாகவில்லை.

எண்ணெய் வியாபாரமானது 1850களில். மெல்பர்ன் பக்கம் தங்கம் கிடைத்து உலகமே அங்கே ஓடிக்கொண்டிருந்த சமயம். இங்கிலாந்திலிருந்து வந்த ஜோசஃப் போஸிஸ்டோ என்ற மருந்துக்கடைக்காரரும் வந்து சேர்ந்தார். விக்டோரியா அரசின் தாவரவியல் நிபுணர் ஃபெர்டினாண்ட் வான் முல்லர் அவரை ஊக்கப்படுத்தினார். "இந்த மரத்துக்குள் ஒரு பொக்கிஷம் இருக்கிறது" என்று காண்பவரிடமெல்லாம் பிரசாரம் செய்த மனிதர் முல்லர். உலகம் பூராவும் யூகலிப்டஸ் விதையை அனுப்பி வைத்ததில் அவருக்கு இணை கிடையாது. போஸிஸ்டோ டான்டிநாங் ஓடைக்கரையில் ஓர் எண்ணெய்க் காய்ச்சுசாலை வைத்தார். கிளி மார்க் பாட்டில். ஆஸ்திரேலியாவில் அந்தக் கிளி இன்னும் பறந்து கொண்டுதான் இருக்கிறது.

இந்த எண்ணெய்க்கு அந்த நூற்றாண்டில் கொடுத்த வேலைகளைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கைக்குட்டையில் ரெண்டு சொட்டு விட்டு மோந்தால் ஜலதோஷம் போகும். வெந்நீரில் விட்டு ஆவி பிடித்தால் இருமல் போகும். மார்பில் தேய்க்கலாம். காயத்தில் தடவலாம். மூட்டு வலிக்குப் பூசலாம். தரையைக் கழுவலாம். கொசுவை விரட்டலாம். சர்க்கரைக் கட்டியில் சொட்டு விட்டு விழுங்கலாம். இந்தக் கடைசி வைத்தியம் ஆபத்தானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1870ல் பிரான்ஸில் குளோஸ் என்ற வேதியியலாளர் இந்த எண்ணெயின் ஜீவனைப் பிரித்தெடுத்து யூகலிப்டால் என்று பெயர் வைத்தார். சினியோல் என்பதும் அதுதான். 1885ல் பிரிட்டிஷ் அரசு மருந்து நூலில் யூகலிப்டஸ் எண்ணெய் இடம்பிடித்தது. பாட்டி வைத்தியம் டாக்டர் சீட்டில் ஏறிவிட்டது!

ஆனால் 19ஆம் நூற்றாண்டு இந்த மரத்தைக் கொண்டாடியதற்கு உண்மையான காரணம் ஜலதோஷம் இல்லை. மலேரியா.

மலேரியா என்ற வார்த்தைக்கே 'கெட்ட காற்று' என்றுதான் அர்த்தம். சதுப்பு நிலத்தில் அழுகிய பொருள்களிலிருந்து ஒரு விஷ ஆவி கிளம்புகிறது, அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வருகிறது என்று பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் நம்பிய காலம். கெட்ட காற்றுதான் நோய் என்றால், நல்ல வாசம்தானே மருந்து? தோப்பு முழுக்க கமகமவென்று மருந்து வாசம் வீசும் ஒரு மரம் கிடைத்தால் விடுவார்களா! அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்கள் நட்டார்கள். ரோம் நகரத்துக்கு வெளியே த்ரே ஃபொன்தானே மடத்துத் துறவிகள் காய்ச்சல் பிடித்த தங்கள் நிலத்தில் ஆயிரக்கணக்கில் நட்டார்கள். 'காய்ச்சல் மரம்' என்றே பட்டப்பெயர் வந்தது. அந்த மடத்தில் யூகலிப்டஸ் மது காய்ச்சுவதும் தொடங்கி, இன்று வரை நடக்கிறது.

பல இடங்களில் காய்ச்சல் குறையவும் செய்தது. அதுதான் விஷயமே. வாசத்தினால் அல்ல. இந்த மரம் தண்ணீரை உறிஞ்சுவதில் அகத்தியர். சதுப்பு வற்றியது. குட்டை வற்றினால் கொசுவுக்கு வீடு ஏது? ஆனால் கொசுவை அப்போது யாரும் சந்தேகப்படவில்லை.

இப்போது இரண்டாவது தொரப்பள்ளிக்கு வாருங்கள்.

கூடலூர், தேவாலா, பந்தலூர், முதுமலை... இந்தப் பக்கமெல்லாம் காட்டுக் காய்ச்சலுக்குப் பேர் போனது. 1879 முதல் 1882 வரை இங்கேயும் ஒரு தங்க வெறி கிளம்பியது. வயநாட்டுத் தங்கம் என்று சொல்லி லண்டனில் கம்பெனிகள் மழைக்காளான் போல முளைத்தன. தங்கம் கையளவு, காய்ச்சல் மலையளவு. கம்பெனிகள் கவிழ்ந்தன. அந்தக் காய்ச்சலுக்கு நிஜமான மருந்து சில மைல் தூரத்தில்தான் வளர்ந்து கொண்டிருந்தது. 1860களின் தொடக்கத்திலேயே கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்த சின்கோனாக் கன்றுகளை ஊட்டி தாவரவியல் பூங்காவின் மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்துக் காட்டிவிட்டார். சின்கோனாப் பட்டையிலிருந்து குயினைன். ரத்தத்தில் இருக்கும் மலேரியாக் கிருமியைக் கொல்வது அதுதான். யூகலிப்டஸ் தைலத்தை லிட்டர் கணக்கில் மோந்தாலும் அந்தக் கிருமிக்கு ஒரு தும்மல்கூட வராது.

ஒரே மலையில் இரண்டு வெளிநாட்டு மரங்கள். ஒன்று வேலை செய்தது, ஆனால் வாயில் வைக்க முடியாத கசப்பு. 1892ல் வங்காளத்தில் தொடங்கி, தபால் ஆபீஸில் காலணாவுக்குப் பொட்டலம் கட்டி விற்றுத்தான் ஜனங்களிடம் அதைக் கொண்டு போக வேண்டியிருந்தது. இன்னொன்று காய்ச்சலுக்கு வேலை செய்யவில்லை, ஆனால் வாசம் ஆளைத் தூக்கியது. எது வீட்டு அலமாரியில் நிலைத்தது என்று உங்களுக்கே தெரியும்.

நீலகிரிக்கு யூகலிப்டஸ் வந்தது 1843 வாக்கில். கேப்டன் காட்டன் என்ற ராணுவ எஞ்சினியர் கொண்டு வந்த நீல யூகலிப்டஸ், அதாவது புளூ கம். மருந்துக்காகவா? இல்லை சார், விறகுக்காக! ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் குடியேறக் குடியேற, குளிர் காய கணப்படுப்புக்கு விறகு வேண்டியிருந்தது. சோலைக் காடுகளை வெட்டித் தள்ளினார்கள். சோலை மரம் ஆடி அசைந்துதான் வளரும். விறகுப் பஞ்சம் வந்தது. வேகமாக வளரும் மரம் எது என்று தேடியபோது இது மாட்டியது. 1860களில் ஆரம்பி தோட்டம் போன்ற அரசுத் தோப்புகள் எழுந்தன. புல்வெளியாகக் கிடந்த மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக நட்டார்கள். அந்தப் புல்வெளி தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடம் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலை ஜனங்கள் இந்த மரத்துக்குக் 'கற்பூர மரம்' என்று பேர் வைத்தார்கள். வாசத்தை வைத்து வைத்த பேர். பிரமாதமான பேர்!

விறகுக்கு வெட்டிய மரத்தின் இலை சும்மா குவிந்து கிடந்தது. அதைக் காய்ச்சினால் என்ன என்று தோன்றாமல் இருக்குமா? அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஊட்டியைச் சுற்றிக் காய்ச்சும் அடுப்புகள் புகைய ஆரம்பித்தன. முறை ரொம்ப எளிது. ஒரு பெரிய கொப்பரை. அடியில் தண்ணீர், மேலே இலையைத் திணித்து மூடி போட்டு, இடுக்கில் மண் பூசி அடைப்பார்கள். கீழே நெருப்பு. நீராவி இலைக்குள் புகுந்து எண்ணெயைக் கூட்டிக்கொண்டு குழாய் வழியாகக் கிளம்பும். அந்தக் குழாய் குளிர்ந்த தண்ணீருக்குள்ளே போகும். நீலகிரியில் குளிர்ந்த தண்ணீருக்கா பஞ்சம்? ஆவி குளிர்ந்து சொட்டும்போது எண்ணெய் மேலே மிதக்கும். அள்ள வேண்டியதுதான். எரிப்பதற்கு விறகுகூட வேண்டாம். போன தடவை காய்ச்சிய இலையே காய்ந்து இந்தத் தடவைக்கு எரிபொருள். 100 கிலோ இலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எண்ணெய் தேறும். இன்றைக்கும் ஊட்டி மலைச்சரிவுகளில் தகரக் கொட்டகைக்குள் நடப்பது கிட்டத்தட்ட இதேதான்.

சரக்கு தயார். கிராக்கி எங்கிருந்து வந்தது? காய்ச்சலில் இருந்துதான். 1889ல் ரஷ்யாவில் கிளம்பிய ஒரு ஃப்ளூ ஜுரம் ரயிலிலும் கப்பலிலும் ஏறி உலகத்தைச் சுற்றியது. இந்தியாவும் தப்பவில்லை. மோந்து பார்க்கும் மருந்துகளுக்கெல்லாம் யோகம் அடித்தது. லண்டனில் ஒரு கம்பெனி 'கார்பாலிக் புகை உருண்டை' என்று ஒன்றை விற்றது. மூக்கில் வைத்து உறிஞ்சினால் ஃப்ளூ வராது, வந்தால் 100 பவுண்டு பரிசு என்று 1891ல் விளம்பரம். கார்லில் என்ற அம்மையார் வாங்கி, தினம் மூன்று வேளை உறிஞ்சினார். ஃப்ளூ வந்தது! "எங்கே என் 100 பவுண்டு?" என்று கோர்ட்டுக்குப் போய் 1892ல் ஜெயித்தும் விட்டார். இன்றைக்கும் இந்தியாவில் சட்டம் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் ஒப்பந்தச் சட்டப் பாடத்தில் இந்த வழக்கைப் படித்தே ஆக வேண்டும். அந்த அம்மாள் 96 வயது வரை இருந்து 1942ல் இறந்தபோது, டாக்டர் எழுதிய காரணங்களில் ஒன்று ஃப்ளூ!

புகை உருண்டை போச்சு. தைலம் நின்றது. ஏன்? ஃப்ளூவைத் தடுக்காவிட்டாலும், மூக்கில் ஏதோ நடக்கிற மாதிரி இருந்தது. அது பொய்யும் அல்ல. யூகலிப்டால் நம் மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தட்டி எழுப்புகிறது. அடைப்பு முழுசாகத் திறக்காவிட்டாலும் காற்று தாராளமாகப் போவது போல ஓர் உணர்வு. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டிக் கிடக்கிறவனுக்கு அந்த உணர்வே பெரிய வரம் இல்லையா?

1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 'கெட்ட காற்று' கதை முடிந்தது. காய்ச்சல் மரம் என்ற கிரீடம் கழன்றது. அதற்குள் தைலம் வேறு வேஷம் போட்டுக்கொண்டு விட்டது. 1893ல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு ஆரம்பித்த அமிர்தாஞ்சன் டப்பாவுக்குள் கற்பூரம், மெந்தாலோடு இதுவும் இருந்தது. சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்தே ஜனங்களைப் பழக்கினார் அவர். அமெரிக்காவிலிருந்து வந்த விக்ஸிலும் இதே மூன்று சரக்குதான். சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டு வந்து ஆளுக்கொன்றாகத் தரும் கோடாலித் தைலத்திலும் யூகலிப்டஸ் உண்டு.

இனி அந்தச் சர்க்கரைக் கட்டி விவகாரம். தயவுசெய்து மனசில் வையுங்கள். யூகலிப்டஸ் தைலம் குடிக்கிற பொருள் அல்ல. ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம், மூச்சே நிற்கலாம். "இயற்கை மருந்துதானே" என்று கைக்குழந்தையின் மூக்கில் தடவுவதும் தப்பு. இரண்டு வயதுக்குள் கிட்டவே கொண்டு போகாதீர்கள். பாட்டில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும். கொதிக்கிற தண்ணீரை வைத்து ஆவி பிடித்து வெந்து போன குழந்தைகளும் நிறைய. 2021 மே மாதம் கொரோனா உச்சத்தில் பொது இடங்களில் வரிசையாக நிறுத்தி ஆவி பிடிக்க வைத்தபோது, வேண்டாம், நோய்தான் பரவும் என்று சுகாதாரத்துறை சொல்ல வேண்டி வந்தது. 130 வருஷம் ஆகியும் மோந்தால் போய்விடும் என்ற ஆசை மட்டும் போகவில்லை.

மறுபடி ஓசூர்ப் பக்கம் வருவோம். இங்கே பாதிப் பேர் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுபவர்கள். அவர்களிடம் இந்த மரத்தின் பேரைக் கேட்டுப் பாருங்கள். 'நீலகிரி' என்பார்கள்! தைலத்துக்கு அல்ல, மரத்துக்கே அந்தப் பெயர். இந்தியிலும் அப்படித்தான். டாஸ்மேனியாவில் பிறந்த மரம் நம் மலையின் பெயரை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் ஓசூர், கோலார் பக்கம் நீங்கள் பார்ப்பது ஊட்டி மரம் அல்ல. ஊட்டி மரத்துக்குக் குளிர் வேண்டும். இது நந்தி மலையின் பழைய மரங்களிலிருந்து வழிவந்த 'மைசூர் கம்' என்ற சமவெளி ஜாதி. தைலத்துக்காக வளர்ப்பதல்ல. காகிதக் கூழுக்கும் கம்பத்துக்கும்.

சதுப்பை வற்ற வைத்ததற்காக ரோமில் மாலை வாங்கிய அதே தாகம், வறண்ட கோலாரில் என்ன செய்யும்? 1980களில் கேழ்வரகு விளைந்த காடுகளில் எல்லாம் நீலகிரி ஏறியது. ஆள் கூலி மிச்சம், ஆடு மாடு கடிக்காது, மில்காரன் வந்து வெட்டிக்கொண்டு போவான். நிலக்காரருக்கு லாபம். களையெடுக்கப் போன பெண்களுக்கு வேலை போச்சு, சாப்பாட்டுக் கேழ்வரகு போச்சு. 1983 ஆகஸ்டில் தும்கூர் மாவட்டத்து விவசாயிகள் வனத்துறை நாற்றங்காலுக்குள் புகுந்து யூகலிப்டஸ் கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புளியங்கொட்டையும் மாங்கொட்டையும் நட்டார்கள்.

ஊட்டியில் மத்திய மண்வள, நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கன் பக்கம் வருஷக் கணக்கில் ஓடைத் தண்ணீரை அளந்தார்கள். புல்வெளியில் நீல யூகலிப்டஸ் நட்ட நீர்ப்பிடிப்பில், முதல் பத்து வருஷத்திலேயே ஓடையில் வரும் தண்ணீர் சுமார் 16 சதவிகிதம் குறைந்திருந்தது. வெட்டிய பிறகு அடிமரத்திலிருந்து மறுபடி தழைத்தபோது இன்னும் குறைந்தது.

2017ல் கர்நாடக அரசு புதிதாக யூகலிப்டஸ் நடக்கூடாது என்று உத்தரவு போட்டது. தென்பெண்ணை புறப்படும் மலை அந்த எல்லைக்குள் வருகிறது. ஆறு இறங்கி வந்து சேரும் ஓசூர், தொரப்பள்ளிப் பக்கம் தமிழ்நாடு.